ரிச்சி தெருவும் டென்னிஸ் ரிச்சியும்

ரிச்சி என்ற பெயரைக் கேட்டதும் நம்ம ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சென்னை மவுண்ட் ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ரிச்சி தெருதான். புராஜெக்ட் என்று ஒன்று வந்துவிட்டால் ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறி, பூந்தமல்லியில் மாறி, அங்கே போய் நிற்காத டிப்ளமோக்காரன் உண்டா? ரெசிஸ்டர் முதல் பழைய சர்வர் வரைக்கும் அங்கே கிடைக்காத சாமான் கிடையாது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் தெருவைப் பற்றி அல்ல. அமெரிக்காவில் வாழ்ந்து மறைந்த டென்னிஸ் ரிச்சி என்ற மனிதரைப் பற்றி. அவருக்கும் அந்தத் தெருவுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. பெயர்ப் பொருத்தம், அவ்வளவே. இருந்தாலும் அந்தத் தெருவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி லினக்ஸ் போட்டுப் பழக நினைக்கிற மாணவனுக்கு இவருடைய வாழ்க்கையை விட நல்ல வழிகாட்டி வேறில்லை என்பது என் கட்சி.

நமக்கெல்லாம் ரிச்சி யார்? சி புரோகிராமிங் பேப்பரில் இரண்டு மார்க் கேள்வி. சி மொழியை உருவாக்கியவர் டென்னிஸ் ரிச்சி, ஆண்டு 1972, இடம் பெல் ஆய்வகம். எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அவர் செத்தபோது நம்மில் பலருக்கு மூன்று நான்கு வயசு. அந்த இரண்டு மார்க்குக்கு வெளியேதான் நமக்குத் தேவையான கதை இருக்கிறது.

ஏன் தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யூனிக்ஸ், லினக்ஸ் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அறுபதாயிரம் ரூபாய் லேப்டாப் இல்லாமல் முடியாது என்று ஒரு ஷோரூமில் என்னிடமே அடித்துச் சொன்னார்கள். இதை நம்பி மாதத் தவணையில் லேப்டாப் எடுத்த பையன்கள் நம் கல்லூரியில் இருக்கிறார்கள். ஒரகடம் பக்கம் இரவு ஷிப்ட் போய் தவணை கட்டிவிட்டு, காலையில் முதல் பீரியடில் தூங்கி வழிகிறார்கள். லேப்டாப் பையில் இருக்கிறது, அதைத் திறந்து படிக்க நேரமில்லை. இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

சரி, கதைக்கு வருவோம். ரிச்சி பிறந்தது 1941 செப்டம்பர் 9-ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தில் பிராங்க்ஸ்வில் என்ற ஊரில். அப்பா அலிஸ்டேர் ரிச்சி, பெல் ஆய்வகத்தில் டெலிபோன் ஸ்விட்சிங் சர்க்யூட்டுகளில் பெரிய கை. அந்தப் பாடத்தில் புத்தகம் எழுதியவர்களில் ஒருவர். மகன் ஹார்வர்டில் பௌதிகம் படித்து 1963-இல் பட்டம் வாங்கினார். பிறகு அங்கேயே கணிதத்தில் ஆராய்ச்சி. 1968-இல் ஆய்வேட்டை எழுதியும் முடித்தாயிற்று. பைண்டு செய்த பிரதி ஒன்றை லைப்ரரிக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. மனுஷன் கொடுக்கவே இல்லை! லைப்ரரிக்குப் புத்தகம் வேண்டுமென்றால் பைண்டிங் செலவை லைப்ரரியே ஏற்கட்டும் என்ற வீம்பு என்று கூடப் படித்தவர்கள் சொல்வதுண்டு. ஆக, டாக்டர் பட்டம் கைக்கு வரவில்லை. அதற்கு முன்பே, 1967-இல், அப்பா வேலை பார்த்த பெல் ஆய்வகத்தில் சேர்ந்துவிட்டார். ரிசர்ச்சுக்கு நோட்டு பைண்டு பண்ணக் காசில்லாமல் அலைகிற நமக்கு இந்த இடம் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அப்போது பெல் ஆய்வகம், எம்.ஐ.டி., ஜெனரல் எலக்ட்ரிக் மூன்றும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்தன. ஒரே பெரிய மெஷினில் பல பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது திட்டம். யானையைக் கட்டித் தீனி போட்ட கதையாகப் பணமும் வருஷமும் கரைந்தன. 1969-இல் பெல் ஆய்வகம் போதும் சாமி என்று விலகிக்கொண்டது. ரிச்சி, கென் தாம்சன் போன்றவர்களுக்கு அந்தச் சௌகரியமான சிஸ்டமும் போயிற்று, மெஷினும் போயிற்று. புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தாருங்கள் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள். கிடைக்கவில்லை. மல்டிக்ஸில் கையைச் சுட்டுக்கொண்ட நிர்வாகம் இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. தாம்சன் ஒரு விளையாட்டு எழுதி வைத்திருந்தார். சூரிய மண்டலத்தில் ராக்கெட் ஓட்டிக் கோள்களில் இறங்கும் விளையாட்டு. பெரிய மெஷினில் ஒரு தடவை ஆடினால் 75 டாலர் கணக்கில் ஏறியது. இது கட்டுப்படியாகாது என்று தேடியபோது அதிகம் யாரும் தொடாமல் கிடந்த பி.டி.பி.-7 என்ற சின்ன மெஷின் கண்ணில் பட்டது. அதன் திரை மட்டும் அருமையான திரை. தாம்சனும் ரிச்சியும் விளையாட்டை அதற்கு மாற்றி எழுதினார்கள். முதலில் புரோகிராமைப் பெரிய மெஷினில் தயாரித்து, காகித நாடாவில் துளை போட்டு, அந்த நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து சின்ன மெஷினுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த அலைச்சல் வேண்டாமென்று அதிலேயே ஒரு ஃபைல் சிஸ்டம், ஒரு எடிட்டர், ஒரு அசெம்பிளர் என்று தாம்சன் கட்டத் தொடங்கினார். அதுதான் யூனிக்ஸ். பி.டி.பி.-7-இல் இருந்த மெமரி 8 ஆயிரம் சொற்கள், ஒவ்வொன்றும் 18 பிட். நம் கணக்கில் மொத்தம் 18 கே.பி. வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு குட்மார்னிங் படம் அதில் அடங்காது.

பழைய மெஷின் தேடும்போது நானும் இந்த இடத்தைத்தான் நினைத்துக்கொண்டேன். பழசு என்பது குற்றமில்லை. ஆனால் எந்த வகையில் பழசு என்று பார்க்க வேண்டும். 32 பிட் பிராசஸர் உள்ள ரொம்பப் பழைய பெட்டி ஓசியில் வந்தாலும் வேண்டாம். 2025-இல் வெளியான டெபியன் 13-இல் அந்த வகை பி.சி.க்கு இன்ஸ்டாலரே கிடையாது. மாறாக, 64 பிட் உள்ள ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் இப்போது நிறைய வெளியே வருகின்றன. காரணம், விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய மெஷின்களை, சில விதிவிலக்குகள் போக, விண்டோஸ் 11 ஏற்பதில்லை. கம்பெனிகள் அவற்றைக் கழித்துக் கட்டுகின்றன. மெஷினுக்கு ஒரு நோயும் இல்லை, லினக்ஸ் ஜம்மென்று ஓடும். நான் வாங்கியது டெல் ஆபீஸ் பெட்டி, 6-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜி.பி. ராம். மானிட்டர் இல்லாமல் ஒன்பதாயிரம் ரூபாய். டெல் கம்பெனி 2007-இலிருந்து நம் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை நடத்துகிறது. ஊர் சுற்றிவிட்டுப் பையன் வீடு திரும்பிய மாதிரி எனக்குப் பட்டது.

மீண்டும் ரிச்சி. 1970-இல் இவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆபரேட்டிங் சிஸ்டம் செய்ய மெஷின் வேண்டும் என்று கேட்டால்தானே மறுக்கிறார்கள்? ஆவணங்களைத் தட்டச்சு செய்து திருத்தி அச்சிடும் ஏற்பாடு செய்கிறோம், அதற்கு ஒரு மெஷின் வேண்டும் என்று கேட்டார்கள். சுமார் 65,000 டாலர் மதிப்பில் பி.டி.பி.-11 வந்தது. முந்தைய வருஷம் கேட்டுக் கிடைக்காமல் போனவற்றோடு பார்த்தால் இது சொற்பத் தொகை. அந்தப் பெட்டி கோடைக் கடைசியில் வந்துவிட்டது, டிஸ்க் மட்டும் வரவில்லை. டிசம்பர் வரை காத்திருந்தார்கள். டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர் என்ன செய்யும்? 6-க்கு 8 செஸ் கட்டத்தில் குதிரை எல்லாக் கட்டத்தையும் ஒரு முறை தொட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்ப எத்தனை வழி உண்டு என்று மாதக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்ததாம்! டிஸ்க் வந்த பிறகு யூனிக்ஸ் அதில் ஏறியது. 24 கே.பி. மெமரியில் 16 கே.பி. சிஸ்டத்துக்கு, 8 கே.பி. வேலை செய்பவர்களுக்கு. டிஸ்க் 512 கே.பி. இதை வைத்துக்கொண்டு பேட்டண்ட் இலாகாவின் மூன்று டைப்பிஸ்டுகள் நிஜமான வேலை பார்த்தார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. நம் 8 ஜி.பி. ராமை அந்த 24 கே.பி.யால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ மூன்றரை லட்சம் மடங்கு வரும். அதனால் ராம் போதாது என்று யாராவது சொன்னால், எதற்குப் போதாது என்று திருப்பிக் கேளுங்கள். டெர்மினல், சி கம்பைலர், எடிட்டர் இவற்றுக்கு 2 ஜி.பி.யே தாராளம். இன்றைக்கு மெமரியைத் தின்பது பிரவுசர்தான். அதற்காக 4 ஜி.பி. குறைந்தபட்சம், 8 இருந்தால் நிம்மதி. செலவு செய்ய நூறு இருநூறு கூடுதலாக இருந்தால் டிஸ்க் பக்கம் போடுங்கள். சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டினால் பத்து வருஷப் பெட்டியும் எழுந்து ஓடும். பிராசஸரை ஒரு படி ஏற்றுவதில் அந்தப் பலன் கிடையாது.

யூனிக்ஸில் ரிச்சியின் தனி முத்திரை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், ஹார்ட்வேரையும் ஃபைலாகவே பார்க்கும் யோசனை. பிரிண்டரா, டிஸ்க்கா, டெர்மினலா, எல்லாமே ஒரு ஃபைல் பெயர். படிக்கலாம், எழுதலாம். லினக்ஸில் டெவ் என்ற டைரக்டரியைத் திறந்தால் இன்றைக்கும் அதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் டிரைவர் என்று ஒருத்தன் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். பழைய மெஷின் வாங்கி அவஸ்தைப்படுகிறவர்கள் முக்கால்வாசி இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வைஃபை சிப் இன்டெல் என்றால் பெரும்பாலும் தொல்லையில்லை. பழைய பிராட்காம் சிப்புகள் சில தனியாக டிரைவர் தேட வைக்கும், அதற்கு இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். சுத்தம்! தனி என்விடியா கார்டு உள்ளதைவிட, பிராசஸரோடு சேர்ந்த இன்டெல் கிராபிக்ஸே நமக்கு உத்தமம். இதையெல்லாம் கடைக்காரர் வாய்ச்சொல்லில் நம்ப வேண்டாம். லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், காசு கொடுப்பதற்கு முன் அதிலிருந்து பூட் செய்து பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, லேப்டாப் என்றால் மூடித் திறந்ததும் எழுந்திருக்கிறதா என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பயாஸ் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய கம்பெனி லேப்டாப்பை மட்டும் எந்த விலைக்கும் தொடாதீர்கள். பூட் செய்து காட்ட மறுக்கிற கடையில் டீ கூடக் குடிக்காமல் வெளியே வந்துவிடலாம்.

இனி சி மொழி. தாம்சன் முன்பு பி என்றொரு சின்ன மொழி செய்திருந்தார். அதற்கு எல்லாமே ஒரே அளவுச் சொல்தான். பி.டி.பி.-11 வந்ததும் சிக்கல். அந்த மெஷின் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியாக எண்ணிட்டு வைத்திருந்தது. எழுத்துக்கு ஒரு அளவு, எண்ணுக்கு ஒரு அளவு என்று மொழியிலேயே பிரிக்க வேண்டி வந்தது. ரிச்சி 1971 முதல் அதைச் செய்துகொண்டே போனார். கேர், இன்ட் என்று நாம் மனப்பாடம் செய்கிற டேட்டா டைப்புகள் இப்படித்தான், வாங்க முடிந்த ஒரு மெஷினின் கட்டாயத்தில் பிறந்தவை. 1972-இல் யூனிக்ஸையே சி-யில் திருப்பி எழுதத் தாம்சன் முயன்று கைவிட்டார். ரிச்சி ஸ்ட்ரக்சர் என்ற வசதியைச் சேர்த்த பிறகு, 1973-இல், அது நடந்தேறியது. ஸ்ட்ரக்சர் பாடத்தை வேண்டாவெறுப்பாகப் படிக்கிறவர்கள் கவனிக்க!

1974-இல் ரிச்சியும் தாம்சனும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டது வேகத்தைப் பற்றி அல்ல. நல்ல ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் பெரும் செலவு தேவையில்லை, 40,000 டாலர் மெஷினிலேயே இது ஓடும் என்பதைத்தான் முக்கிய சாதனையாகக் குறிப்பிட்டார்கள். லட்சக்கணக்கான டாலர் மெஷின்கள் ஆண்ட காலத்தில் இது துணிச்சலான பேச்சு. பிறகு 1977-இல் ரிச்சியும் ஸ்டீவ் ஜான்சனும் யூனிக்ஸை இன்டர்டேட்டா 8/32 என்ற, கொஞ்சமும் உறவில்லாத வேறு கம்பெனி மெஷினுக்கு மாற்றிக் காட்டினார்கள். ஒரு கம்பெனி மெஷினை வாங்கினால் ஆயுசுக்கும் அந்தக் கம்பெனிக்கே அடிமை என்ற நிலைமைக்கு அங்கே ஓட்டை விழுந்தது. 1980-களில் நம் நாட்டு எச்.சி.எல்., விப்ரோ போன்ற கம்பெனிகள் யூனிக்ஸ் ஓடும் மெஷின்களைச் செய்து விற்க முடிந்ததற்கும் அடிப்படை இதுதான்.

1978-இல் பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து சி மொழிக்கு எழுதிய புத்தகம், 1983-இல் தாம்சனோடு டூரிங் விருது, பிறகு அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் எல்லாம் வந்தன. ஆள் ரொம்ப அமைதி. மத்தியானம்தான் ஆய்வகத்துக்கு வருவார், ராத்திரி வெகுநேரம் வேலை செய்வார். கூட்டத்தில் பேசச் சொன்னால் கூச்சம். அதற்காகச் சாமியார் என்று நினைக்க வேண்டாம். 1989-இல் ராப் பைக்கோடு சேர்ந்து, மேஜிக் நிபுணர்கள் பென், டெல்லர் இருவரையும் வைத்து, நோபல் பரிசு பெற்ற தன் மேலதிகாரி ஆர்னோ பென்சியாஸையே ஏமாற்றி வீடியோ எடுத்தவர்!

இதற்கிடையே யூனிக்ஸே விலை ஏறிப்போனது. டெலிபோன் ஏகபோகம் காரணமாக அதன் சொந்தக்காரரான ஏ.டி. அண்டு டி. கம்பெனி முன்பு சாப்ட்வேர் வியாபாரம் செய்யக் கூடாது என்ற நிலை இருந்தது. அதனால் காலேஜ்களுக்குச் சொற்ப விலையில் கிடைத்தது. 1984-இல் அந்தக் கம்பெனி உடைக்கப்பட்டதும் தடை நீங்கியது, லைசென்ஸ் கட்டணம் உயர்ந்தது. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் வீட்டு 386 பி.சி.யில் லினக்ஸை எழுதத் தொடங்கியதும் பழைய கதை மறுபடி நடந்தது. மாணவனுக்குக் கட்டுப்படியாகிற மெஷின், அதில் யூனிக்ஸ் மாதிரி ஒன்று.

அந்த வாரிசு நம் ஊருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது தெரியுமா? ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பது லினக்ஸ் கர்னல். ஐபோனின் உள்ளே இருப்பது பி.எஸ்.டி. யூனிக்ஸ் வழி வந்தது. சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிற நம் அக்கா தங்கைகள் தினமும் ரிச்சியின் பேரப்பிள்ளைகளைத்தான் கையில் பிடித்துப் பூட்டுகிறார்கள். 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்திலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். சென்னை சி-டாக் உருவாக்கியது அது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி கல்லூரிகளில் படித்த அண்ணன், அக்கா இருக்கிற வீடுகளில் அந்த லேப்டாப் பீரோ மேலே தூசி படிந்து கிடக்கும். முதல் தொகுதிகளில் 2 ஜி.பி. ராம், 320 ஜி.பி. டிஸ்க். தூக்கிப் போடாதீர்கள். ராமை 4 ஆக்கி, எஸ்.எஸ்.டி. மாட்டி, எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற லேசான டெஸ்க்டாப் போட்டால் சி, பைதான், ஷெல் ஸ்கிரிப்ட் அத்தனையும் அதில் கற்றுக்கொள்ளலாம். பேட்டரி செத்திருந்தால் சார்ஜரில் மாட்டியே ஓட்டுங்கள். ராஸ்பெர்ரி பை வாங்கலாமா என்று ஜூனியர் பையன்கள் கேட்கிறார்கள். சென்சார், மோட்டார் புராஜெக்ட் என்றால் வாங்குங்கள். முழு நேரக் கம்ப்யூட்டராக வேண்டுமென்றால் பவர் சப்ளை, மெமரி கார்டு, பெட்டி என்று கூட்டிப் பார்த்தால் பழைய ஆபீஸ் பெட்டி விலையைத் தொட்டுவிடும். எனக்கு அது லாபமாகப் படவில்லை.

ரிச்சி கடைசிவரை பெல் ஆய்வகத்திலேயே இருந்தார். பிளான் 9, இன்ஃபெர்னோ என்று அடுத்தடுத்த ஆபரேட்டிங் சிஸ்டங்களில் பங்கெடுத்தார். 2007-இல் ஓய்வு பெற்றார். 2011-இல் ஜப்பான் பரிசு கிடைத்தது. அப்போது உடம்பு சரியில்லாத நேரம். அதே ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி, நியூஜெர்சி மாநிலம் பெர்க்லி ஹைட்ஸில், தனியாக வசித்த வீட்டில் அவர் இறந்து கிடந்ததைக் கண்டார்கள். வயசு 70. ஒரு வாரம் முன்பு, அக்டோபர் 5-ஆம் தேதி, ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்திருந்தார். உலகமே அந்தத் துக்கத்தில் இருந்ததால் இவர் சாவு பத்திரிகைகளில் அதிகம் தெரியவில்லை. அடுத்த மாதம் வந்த ஃபெடோரா 16 லினக்ஸை அவர் நினைவுக்குக் காணிக்கை ஆக்கினார்கள்.

பின்குறிப்பு: டெபியன் ஏற்றிய பென் டிரைவ் இரண்டு என்னிடம் இருக்கிறது. ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் முந்தின நாள் எலக்ட்ரானிக்ஸ் லேப் வாசலில் என்னிடம் கேட்டால் தருகிறேன். போன தடவை மூன்று இருந்தது, வாங்கிப்போன அந்த நண்பர் தயவுசெய்து திருப்பிக் கொடுக்கவும்.

— இறுதியாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு